குர்ட்ஸை விட்டுவிட்டு ஃப்ளோரியைப் பார்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

காங்கோவைப் பற்றி ஜோசப் கான்ராட் எழுதிய 'ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்' நாவலைப் படித்து முடித்த கையோடு நீ எழுதிய மின்னஞ்சல் வந்து சேர்ந்தது. "கடைசியில் எல்லா மனுஷனுக்குள்ளேயும் ஒரு குர்ட்ஸ் இருக்கான் அக்கா, காடு கிடைச்சா வெளியே வந்துடுவான்" என்று எழுதியிருந்தாய். குர்ட்ஸ், தந்தம் சேர்க்கக் காட்டுக்குள் போய் வெறிபிடித்துப்போன கம்பெனி ஏஜென்ட். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதில். அந்த நாவலைப் படிக்கிற பலரும் இதே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. கேட்க ஆழமாக இருக்கிறது, ஆனால் அதை ஒப்புக்கொண்டால் யாரையும் எதற்கும் பொறுப்பாக்க முடியாது. காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக 1885 முதல் 1908 வரை வைத்திருந்த பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டும், அவருக்காகத் தந்தமும் ரப்பரும் சுமந்து செத்தவனும் ஒரே இருட்டில் பங்காளிகள் என்றாகிவிடும். ஜோசப் கான்ராட் 1890-இல் அந்த ஆற்றில் நீராவிப் படகில் போய், உடம்பும் மனசும் கெட்டுத் திரும்பியவர். அவர் எழுதி வைத்திருப்பது இதைவிடக் குறிப்பானது. நீ குர்ட்ஸையே பார்த்துக்கொண்டிருந்ததால் வழியில் நிற்கிற ஒருவரைத் தாண்டிப் போய்விட்டாய் என்று நினைக்கிறேன்.

தலைமைக் கணக்கரைச் சொல்கிறேன். கதையைச் சொல்கிற மாலுமி மார்லோ, தந்த வியாபாரக் கம்பெனியின் முதல் நிலையத்தில் இறங்குகிறான். மர நிழலில், வேலை வாங்கிச் சக்கையாக்கி விடப்பட்ட கறுப்பு உடல்கள் சாவதற்காகக் கிடக்கின்றன. அங்கிருந்து சில அடி நடந்தால் இந்த மனிதர் நிற்கிறார். கஞ்சி போட்ட காலர், பளிச்சென்று வெள்ளைச் சட்டை. அவருடைய கணக்குப் புத்தகங்களில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. சட்டையை எப்படி இவ்வளவு வெள்ளையாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், உள்ளூர்ப் பெண் ஒருத்தியைப் பழக்கி வைத்திருக்கிறேன், அவளுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை, கஷ்டப்பட்டுத்தான் பழக்கினேன் என்கிறார். நோயாளி ஒருவரைக் கொண்டுவந்து அவர் அறையில் படுக்க வைக்கிறார்கள். அந்த ஆள் முனகுவதால் கணக்கில் பிழை வந்துவிடும் என்பதுதான் இவருடைய கவலை. வெளியே சுமைதூக்கிகள் சத்தம் போடும்போது, ஒழுங்காகப் பதிவு எழுத வேண்டியவனுக்கு இந்தக் காட்டுமிராண்டிகள் மேல் சாகிற அளவுக்கு வெறுப்பு வந்துவிடுகிறது என்று சொல்கிறார்.

இந்த ஆளுக்குள் எந்தக் குர்ட்ஸும் இல்லை. அவருக்குக் காட்டின் மயக்கமும் கிடையாது, நள்ளிரவுச் சடங்குகளும் கிடையாது. வேலையை நன்றாகச் செய்கிறார், அவ்வளவுதான். மார்லோவுக்கே அவர் மேல் மரியாதை வருகிறது, அதையும் கான்ராட் மறைக்கவில்லை. குர்ட்ஸ் அனுப்பிய தந்தமெல்லாம் இந்தப் புத்தகத்தில்தான் பதிவாகிறது. இவர் இல்லாவிட்டால் குர்ட்ஸ் வெறும் பைத்தியக்காரன்.

இதே விஷயத்தைக் கான்ராட் அதற்கு முன்பே, 1897-இல், 'ஆன் அவுட்போஸ்ட் ஆஃப் ப்ராக்ரஸ்' என்ற சிறுகதையில் எழுதிவிட்டார். என் கணக்கில் நாவலைவிட அது கூர்மையானது. கேயர்ட்ஸ், கார்லியே என்று இரண்டு சாதாரண வெள்ளைக்காரர்கள், ஆற்றங்கரையில் ஒரு வியாபார நிலையம். அவர்களுடைய ஆப்பிரிக்க எழுத்தர் மகோலா, ஒரு ராத்திரியில் நிலையத்து ஆட்கள் பத்துப் பேரை அடிமை வியாபாரிகளிடம் கொடுத்துவிட்டு ஆறு தந்தங்களை வாங்கி வைக்கிறான். இருவரும் கொதித்துப் போகிறார்கள். அடிமைத்தனம் எவ்வளவு கொடுமை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். மனசாரத்தான் சொல்கிறார்கள். அப்புறம்? தராசில் தந்தத்தைத் தூக்கி வைக்க மகோலா திணறுகிறான், கார்லியே போய் ஒரு கை கொடுக்கிறார். அந்த ஒரு கை கொடுத்தலோடு கதை முடிந்தது என்றே சொல்வேன். பின்னால் சர்க்கரைக்காக அவர்கள் அடித்துக்கொள்வதும், ஒருவர் மற்றவரைச் சுடுவதும், சுட்டவர் தூக்கில் தொங்குவதும் அதன் மிச்சம்தான்.

நிஜத்தில் நடந்த ஒன்றையும் இதோடு சேர்த்துப் பார். காங்கோவில் என்ன நடக்கிறது என்பதை வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இ. டி. மோரல். லிவர்பூல் கப்பல் கம்பெனி ஒன்றின் குமாஸ்தா. ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் காங்கோவிலிருந்து வரும் கப்பல்கள் ரப்பரும் தந்தமும் நிறைந்து வருகின்றன, திரும்பிப் போகும்போது துப்பாக்கியும் தோட்டாவும்தான் பெரும்பாலும் போகின்றன என்பதைக் கவனித்தார். விலை கொடுக்காமல் சரக்கு வருகிறது என்றால் அங்கே உழைப்பவனுக்குக் கூலி இல்லை, அடித்து வாங்குகிறார்கள் என்று கணக்கிலிருந்தே கண்டுபிடித்தார். அப்போது அவர் காங்கோவில் கால் வைத்தவரும் இல்லை. நாவலில் வரும் கணக்கர் சாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைப் பார்க்க மறுத்தார். இந்தக் குமாஸ்தா ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து அதைப் பார்த்தார். எல்லா மனுஷனுக்குள்ளும் ஒரே இருட்டுதான் என்றால் இந்த வித்தியாசத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாய்?

சரி, இப்போது நான் உண்மையில் பேச விரும்பும் நாவலுக்கு வருகிறேன்: ஜார்ஜ் ஆர்வெலின் 'பர்மீஸ் டேஸ்'. ஆர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். கடைசியாக வேலை பார்த்த கதா என்ற ஊர்தான் நாவலில் கியாக்டடா ஆகியிருக்கிறது. 1934-இல் முதலில் அமெரிக்காவில்தான் வெளிவந்தது. அடையாளம் தெரிந்து யாராவது வழக்குப் போடுவார்கள் என்ற பயம் லண்டன் பதிப்பாளர்களுக்கு. அடுத்த வருஷம் இங்கிலாந்தில் வந்தபோது சில பெயர்களை மாற்றித்தான் போட்டார்கள்.

ஃப்ளோரி ஒரு மர வியாபாரக் கம்பெனிக்காரன், முப்பத்தைந்து வயது, முகத்தில் ஒரு பக்கம் நீலம்பாரித்த மச்சம். அந்த ஊர் வெள்ளையர்களிலேயே யோசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். நாங்கள் இங்கே திருட வந்திருக்கிறோம், நாகரிகம் சொல்லிக்கொடுக்க வந்தோம் என்கிற பொய்தான் எங்களை உள்ளுக்குள் அழுக வைக்கிறது என்று அவனே சொல்கிறான். யாரிடம்? ஊர் சிவில் சர்ஜன் டாக்டர் வீராசாமியிடம். அவர் வீட்டு வராந்தாவில் பீர் குடித்துக்கொண்டு ஃப்ளோரி சாம்ராஜ்யத்தைத் திட்டுகிறான், டாக்டரோ பதறிப்போய் ஆங்கிலேயர்களுக்காக வாதாடுகிறார். ரோடு போட்டார்கள், நீதி கொண்டுவந்தார்கள் என்று அடுக்குகிறார். மனசார நம்புகிறார். படிக்கும்போது எனக்கு நெஞ்சை அடைத்த இடங்களில் இது ஒன்று.

டாக்டருக்கு ஓர் ஆபத்து. யூ போ கியின் என்ற மாஜிஸ்ட்ரேட் அவரை ஒழிக்கத் திட்டம் போடுகிறான். ஊர் ஐரோப்பியர் கிளப்பில் உள்ளூர்க்காரர் ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்திருக்கிறது. அந்த இடம் டாக்டருக்குக் கிடைத்துவிட்டால் அவரை யாரும் தொட முடியாது. ஒரு வெள்ளைக்கார நண்பர் பேசினால் போதும். அந்த நண்பர் ஃப்ளோரி.

கிளப்பில் எல்லிஸ் என்ற வெள்ளைக்கார உறுப்பினன் ஒரு தாளை நீட்டுகிறான். கறுப்பர்களைச் சேர்க்கக்கூடாது என்று இழிவான வார்த்தையில் எழுதியது. எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். ஃப்ளோரியும் போடுகிறான்.

அவனை யாரும் மிரட்டவில்லை. வேலை போகாது, அடி விழாது. ஒரு சாயங்காலம் நாலு பேரோடு சண்டை போட வேண்டியிருக்கும், முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான் விலை. அதைக் கொடுக்க மனசில்லாமல், தனக்கிருக்கிற ஒரே நண்பனை எழுத்தில் அவமானப்படுத்துகிறான். ஆர்வெல் இதை இரைச்சல் இல்லாமல் எழுதியிருக்கிறார். காலனியக் கதைகளில் நான் படித்த மிகப் பெரிய ஒழுக்கச் சரிவு இதுதான் என்று நினைக்கிறேன். வேலியில் மனிதத் தலைகளைக் குத்தி வைத்த குர்ட்ஸைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம், ஏனென்றால் நாம் அப்படிச் செய்யப் போவதில்லை. ஃப்ளோரியைப் படித்துவிட்டு அப்படித் தூங்க முடியவில்லை. இத்தனைக்கும் அவன் பின்னால் தைரியம் வந்து டாக்டரின் பெயரை முன்மொழியவும் செய்கிறான், கலவரத்தில் ஆற்றில் குதித்துப் போய் உதவி கொண்டுவந்து எல்லோரையும் காப்பாற்றவும் செய்கிறான். உடல் தைரியம் அவனிடம் நிறையவே இருக்கிறது. கிளப் மேஜையில் தேவைப்பட்டது வேறு வகைத் தைரியம்.

இன்னொன்று. மா ஹ்லா மே என்ற பெண்ணை அவளுடைய பெற்றோரிடமிருந்து முன்னூறு ரூபாய்க்கு வாங்கியிருக்கிறான். எலிசபெத் என்ற வெள்ளைக்காரப் பெண் ஊருக்கு வந்ததும் மா ஹ்லா மேயைத் துரத்திவிடுகிறான். சாம்ராஜ்யத்தின் பொய்யைப் பற்றி அவ்வளவு பேசுகிறவனுக்கு, தன் வீட்டுக்குள் நடப்பதும் அதே கொள்முதல்தான் என்று படவில்லை. கடைசியில் அவனைக் கவிழ்ப்பதும் அதுதான். யூ போ கியின் அவளைத் தூண்டிவிட, தேவாலயத்தில் எல்லோர் முன்னாலும் வந்து அவள் கத்துகிறாள். எலிசபெத் விலகுகிறாள். ஃப்ளோரி தன்னைச் சுட்டுக்கொள்கிறான்.

யூ போ கியினை வெறும் வில்லனாகப் படித்துவிடாதே. 1885-இல் ஆங்கிலப் படை மாண்டலேயைப் பிடித்தது. அந்தப் படைகள் வெற்றியோடு ஊருக்குள் நுழைந்ததைச் சின்னப் பிள்ளையாக நின்று பார்த்ததுதான் அவனுடைய முதல் ஞாபகம். இவர்களோடு மோத முடியாது, ஒட்டிக்கொண்டு பிழைக்கலாம் என்று அந்த வயதிலேயே புரிந்துகொள்கிறான். லஞ்சம் கொடுத்துக் குமாஸ்தா ஆகிறான், கூட்டாகத் திருடிய சக குமாஸ்தாக்களைக் காட்டிக்கொடுத்து, நேர்மைக்குப் பரிசாகப் பதவி உயர்வு வாங்குகிறான். மாஜிஸ்ட்ரேட் ஆனதும் வாதி பிரதிவாதி இரண்டு பேரிடமும் பணம் வாங்கிக்கொண்டு, தீர்ப்பைச் சட்டப்படியே எழுதுகிறான். நடுநிலையான நீதிபதி என்று பெயர்! செய்த பாவத்துக்கெல்லாம் வயசான காலத்தில் பகோடா எனப்படும் பௌத்தக் கோயில்கள் கட்டிக் கணக்கை நேர் செய்துவிடலாம் என்பது அவன் எண்ணம். ஒன்றுகூடக் கட்டாமல் செத்துப்போகிறான். பாவ புண்ணியத்தையும் வரவு செலவாக எழுதுகிற இந்த ஆளும், காங்கோவில் கஞ்சிக் காலர் போட்ட கணக்கரும் ஒரே அமைப்பின் இரண்டு முனைகள். நேர்மை போல் தெரிவதற்குச் சம்பளமும் பதவியும் கொடுக்கிற ஓர் அமைப்பு. அது இல்லாவிட்டால் யூ போ கியின் ஏதோ ஒரு கிராமத்துப் போக்கிரியாக இருந்திருப்பான்.

டாக்டர் வீராசாமி என்ற பெயரைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு ஒரு நெருக்கம் வரும். வரட்டும். 1937 வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள். டாக்டர்கள், குமாஸ்தாக்கள், துறைமுகக் கூலிகள், அப்புறம் செட்டியார் வட்டிக்கடைகள். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போனபோது, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938 வாக்கில் 25 சதவீதம் ஆனது. நிலத்தைப் பிடிக்க அவர்கள் திட்டம் போட்டார்கள் என்று சொல்லவில்லை, வட்டிக்குக் கொடுத்தவர்களுக்கு நிலம் தேவையே இல்லை. ஆனால் நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கண்ணில் தமிழன் எந்த வரிசையில் நின்றான் என்று யோசித்துப் பார். அதனால்தான் இந்த நாவலைப் படிக்கும் தமிழர், டாக்டரைப் பார்த்து நம் ஆள் ஏமாந்தான் என்று வருந்துவதோடு நிறுத்திவிட முடியாது.

இந்த எழுத்தாளர்களை நான் குறையில்லாதவர்களாகக் காட்டவில்லை. நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபே 1975-இல் ஓர் உரையில் கான்ராடைக் கடுமையாகத் தாக்கினார். ஒரு வெள்ளைக்காரனின் மனம் உடைவதைக் காட்ட ஆப்பிரிக்காவையே பின்னணித் திரையாக்கிவிட்டார், அங்குள்ள மனிதர்களுக்குப் பேச்சே கொடுக்கவில்லை என்றார். அந்த உரையைக் கட்டாயம் படி. அவர் சொன்னது சரி. ஆர்வெலிலும் இது உண்டு. கிளப் பட்லர் ஒரு தென்னிந்தியர். அவர் கொஞ்சம் நல்ல ஆங்கிலம் பேசிவிட்டார் என்று எல்லிஸ் எரிந்து விழுகிறான், இப்படிப் பேசினால் வேலையை விட்டுத் தூக்க வேண்டியதுதான் என்கிறான். அருமையான காட்சி. ஆனால் அதே பட்லரின் கண்களை நாயின் கண்களோடு ஒப்பிடுவது எல்லிஸ் இல்லை, கதை சொல்கிறவர். சாம்ராஜ்யத்தை வெறுத்து எழுதியவரின் பேனாவிலும் அது ஒட்டியிருந்தது.

ஃப்ளோரி இறந்த பிறகு டாக்டருக்கு ஆதரவில்லை. பதவி இறக்கி மாண்டலே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். யூ போ கியின் கிளப் உறுப்பினர் ஆகிறான். அந்தப் பகுதியை அவசரப்படாமல் படி. புத்தகம் என்னிடம் இருக்கிறது, இந்த வாரம் கூரியரில் அனுப்புகிறேன். கான்ராடின் அந்தச் சிறுகதையை நகல் எடுத்து உள்ளே வைக்கிறேன், அதை முதலில் படி. கையெழுத்துப் போட்ட ராத்திரிக்கும் முன்மொழிந்த நாளுக்கும் நடுவில் ஃப்ளோரிக்கு எத்தனை சந்தர்ப்பம் இருந்தது, டாக்டர் அவனை ஏன் ஒருமுறைகூடக் கோபித்துக்கொள்ளவில்லை என்று உனக்குத் தோன்றுவதை எழுது. இரண்டாவது கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, ஆனால் உன்னுடையதைக் கேட்ட பிறகுதான் சொல்வேன்.

அன்புடன்,
அக்கா