நிகழ்ச்சியை ஓவியம் இருக்கும் அறைக்குள் கொண்டு வாருங்கள்: அருங்காட்சியகக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கலை அருங்காட்சியகங்களில் பொது நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கு,

வணக்கம். இம்ப்ரெஷனிஸ ஓவியக் கண்காட்சி (பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்சில் மோனே, ரெனுவார், தெகா போன்றவர்கள் மாறும் வெளிச்சத்தையும் அன்றாட வாழ்க்கையையும் வரைந்த பாணி) வருகிறது என்று அறிவிப்பு வந்தால் கூடவே ஒரு நிகழ்ச்சி நிரலும் வரும். தொடக்க நாளில் பேராசிரியர் ஒருவரின் உரை, ஒரு மாலை பியானோ, பெரியவர்களுக்கு 'மோனே போல வரையலாம்' பட்டறை, குழந்தைகளுக்கு வண்ணம் தீட்டல், கடைசி வாரத்தில் ஓர் ஆவணப்படம். எங்கே நடந்தாலும் பட்டியல் ஏறக்குறைய இதுதான். சின்னக் குழுவாக இருந்துகொண்டு இவ்வளவையும் ஏற்பாடு செய்கிறீர்கள் என்பது தெரியும், நானும் இவற்றுக்கு விரும்பி வருகிற ஆள்தான். அதனாலேயே நேராகச் சொல்கிறேன்: இவற்றில் முக்கால்வாசி நிகழ்ச்சிகள் எங்களை ஓவியத்தின் முன்னாலிருந்து வேறெங்கோ கூட்டிக்கொண்டு போய்விடுகின்றன. உரை அரங்கத்தில், பியானோ முன்கூடத்தில், பட்டறை வகுப்பறையில். இவ்வளவு பாடுபட்டு இரவல் வாங்கி, காப்பீடு எடுத்து, கொண்டுவந்து மாட்டிய ஓவியங்கள் இருக்கும் அறையில் மட்டும் எதுவும் நடப்பதில்லை.

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001இல் வெளியான ஆய்வு ஒன்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு படைப்பின் முன் ஒருவர் நிற்கும் நேரம் சராசரியாக 27 விநாடி, பாதிப் பார்வைகள் 17 விநாடிக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. பொது நிகழ்ச்சி என்று ஒன்று இருப்பதற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம் இந்த நேரத்தை நீட்டுவதுதான். மற்றதெல்லாம் அப்புறம்.

இம்ப்ரெஷனிஸ ஓவியங்களுக்கு இது இன்னும் அதிகமாகவே தேவைப்படுகிறது, ஏனென்றால் அவை ஒரே இடத்தில் நின்று பார்க்கிற ஓவியங்கள் அல்ல. 1877இல் மோனே வரைந்த, பாரிஸின் செயின்ட் லசார் ரயில் நிலைய ஓவியங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டே போனால் நீலமும் சாம்பலும் வெள்ளையும் ஒன்றன்மேல் ஒன்று இழுபட்டுக் கிடக்கிற தடங்கள், அவ்வளவுதான். நாலைந்து அடி பின்னால் வந்தால் அதே இடம் எஞ்சின் புகையாகி, கண்ணாடிக் கூரைக்குக் கீழே மிதக்க ஆரம்பிக்கிறது. இந்த மாற்றம் நடக்கும் தூரத்தைப் பார்ப்பவர்தான் நடந்து நடந்து கண்டுபிடிக்க வேண்டும். வழிகாட்டியோடு வரும் கும்பலில் அது முடியாது, இருபது பேர் அரைவட்டமாக நின்றுவிட்டால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. எனவே ஒரு மணி நேரத்தில் பதினைந்து ஓவியங்கள் காட்டுகிற சுற்றுக்குப் பதிலாக ஒரே ஓவியத்துக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். பத்துப் பேர், பத்து மடக்கு முக்காலி, பேசத் தெரிந்த ஒருவர், அதைவிட முக்கியமாக எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர். முதல் கால் மணி நேரம் யாரும் எதுவும் சொல்லக் கூடாது. பிறகு அவரவர் பார்த்ததைச் சொல்லட்டும். ஓவியர் பெயர், ஆண்டு, வரலாறு எல்லாம் கடைசியில் வந்தால் போதும்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு ஓவியங்களைப் பராமரிக்கும் வல்லுநர்களைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் அவர்கள் உள்ளே ஆய்வகத்திலேயே இருந்துவிடுகிறார்கள், ஆனால் இவர்களிடம் இருக்கிற கதைகளுக்கு ஈடே இல்லை. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும், 1870இல் மோனே வரைந்த 'த்ரூவில் கடற்கரை' ஓவியத்தில் வண்ணத்தோடு ஒட்டிய மணல் துகள்கள் இன்னும் இருக்கின்றன, கடற்கரையிலேயே உட்கார்ந்து வரைந்ததற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? ரெனுவார் 1883இல் வரைந்த மதாம் லெயோன் கிளாப்பிஸோன் உருவப்படத்தில் பின்னணியில் இருந்த செந்நிறம் வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுத்துவிட்டது. சட்டத்துக்கு அடியில் மறைந்திருந்த ஓரத்தில் மட்டும் பழைய சிவப்பு அப்படியே இருக்க, அதை ஆராய்ந்து பழைய தோற்றத்தைக் கணினியில் மீட்டு 2014இல் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் மக்களுக்குக் காட்டியது. 'ஏன் இந்த அறையில் விளக்கு இவ்வளவு மங்கலாக இருக்கிறது' என்று காவலரிடம் கேட்டுக் குறைபட்டுக்கொள்கிற எங்களுக்கு, தெகாவின் பாஸ்டல் (வண்ணக்குச்சி) ஓவியங்களுக்கு ஏன் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குமேல் வெளிச்சம் விடுவதில்லை என்பதை ரெனுவார் இழந்த அந்தச் சிவப்பை வைத்து விளக்கினால் மறக்கவே மாட்டோம்.

வரையும் பட்டறைக்கு வருகிறேன். மோனேயின் அல்லிக்குள ஓவியத்தின் அச்சுப் படத்தைப் பார்த்து அக்ரிலிக்கில் நகல் எடுப்பதில் யாருக்கும் கெடுதல் இல்லை, எல்லோரும் மகிழ்ச்சியாகத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் அந்த ஓவியர்கள் செய்தது அது இல்லையே. 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் மடக்கிப் பிதுக்கக்கூடிய தகரக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் எண்ணெய் வண்ணத்தைச் சிரமமில்லாமல் வெளியே தூக்கிக்கொண்டு போக முடிந்தது. அதற்கு முன் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருப்பார்கள், திறந்தால் சீக்கிரம் கெட்டுவிடும். அப்படியென்றால் பட்டறையும் வெளியே நடக்கட்டும். அருங்காட்சியக வாசலில் இருக்கும் ஏதாவது ஒரு மரத்தை ஒரே இடத்திலிருந்து காலையில் அரை மணி நேரம், பிற்பகலில் அரை மணி நேரம், இரண்டு தாள்களில் வரையச் சொல்லுங்கள். நிழலுக்குக் கறுப்பு கூடாது என்று மட்டும் ஒரு விதி வைத்துவிடுங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும், 1890-91இல் மோனே வைக்கோற்போர்களை வெளிச்சம் மாற மாறக் கித்தானை மாற்றி மாற்றி வரைந்தது ஏன் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முக்கியமானது, அன்றைக்கே அவர்களைத் திரும்ப ஓவிய அறைக்குள் கூட்டிப் போங்கள். அரை மணி நேரம் நிழலோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த கண்ணுக்குத் தெரிகிற ஊதா நிழல் வேறு, சும்மா வருகிற கண்ணுக்குத் தெரிவது வேறு.

இசை நிகழ்ச்சி என்றால் உடனே பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸி. அழகான இசை, மறுப்பேதும் இல்லை. ஆனால் 1874இல் இம்ப்ரெஷனிஸ ஓவியர்கள் முதல் கண்காட்சி வைத்தபோது தெபுஸ்ஸிக்குப் பன்னிரண்டு வயதுகூட நிரம்பவில்லை. ஓவியர் எதுவார் மானேவின் (மோனே அல்ல) நண்பராக இருந்து, 'ஃபோலி பெர்ஜேரில் ஒரு மதுக்கூடம்' ஓவியத்தைச் சொந்தமாகவே வைத்திருந்த இசையமைப்பாளர் எமானுயேல் ஷப்ரியேயை ஏன் யாரும் வாசிப்பதில்லை? அவருடைய பியானோ துண்டுகளில் இரண்டை மட்டும், முன்கூடத்தில் இல்லாமல், ஓவியம் மாட்டியிருக்கும் அறையின் வாசலில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

உரைகளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோன் இவர்களை ஒதுக்கியது, இவர்கள் கலகம் செய்தார்கள், விமர்சகர் ஒருவர் கேலி செய்தார், பின்னால் உலகமே கொண்டாடியது. இந்த ஒரே கதையை எத்தனை தடவைதான் கேட்பது? இந்தக் கதையில் வேலையும் இல்லை, போரும் இல்லை, பெண்களும் ஓரமாகத்தான் வருகிறார்கள். இந்தக் கூட்டத்தோடு சேர்ந்து வளர்ந்த ஓவியர் பஸீல் 1870 நவம்பரில் பிரான்ஸ்-பிரஷ்யப் போரில் செத்துப்போனார், முதல் கண்காட்சியைப் பார்க்க அவர் இல்லை. 1874 முதல் 1886 வரை நடந்த எட்டு இம்ப்ரெஷனிஸக் கண்காட்சிகளில் பெண் ஓவியர் பெர்த் மோரிஸோ கலந்துகொள்ளாதது ஒன்றே ஒன்றுதான், மகள் பிறந்த அடுத்த ஆண்டு, 1879இல். பாரிஸின் அரசு ஓவியக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1897இல்தான், அதற்குள் மோரிஸோ இறந்தே இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. அவரும் இன்னொரு பெண் ஓவியரான மேரி கஸாட்டும் தோட்டத்தையும் தொட்டிலையும் தேநீர் மேசையையும் வரைந்தார்கள் என்றால், மதிப்பான குடும்பத்துப் பெண் தனியாகக் காஃபேயில் போய் உட்கார முடியாத காலம் அது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்கள் மென்மையானவர்கள் என்று சொல்லிக் கடந்துபோகாதீர்கள்.

அப்புறம் உரை நிகழ்த்த எப்போதும் பேராசிரியர்தானா? இதே கூட்டத்தைச் சேர்ந்த ஓவியர் கயிபோத் 1875இல் வரைந்த தரை சீவும் தொழிலாளிகள் ஓவியத்தில், மூன்று பேர் சட்டையில்லாமல் முழங்காலிட்டு மரத்தரையைச் சீவிக்கொண்டிருக்கிறார்கள். அதன் முன்னால் ஒரு தச்சரை நிறுத்திப் பேசச் சொல்லுங்கள். கை பிடித்திருக்கும் விதம் சரியா, முதுகு எங்கே வலிக்கும், சுருண்டு விழுந்திருக்கும் சீவலைப் பார்த்தால் மரம் எப்படிப்பட்டது, இதையெல்லாம் சொல்ல அவரால்தான் முடியும். தெகாவின் துணி தேய்க்கும் பெண்கள் இருவர் ஓவியம் உங்களுக்கு இரவல் கிடைத்தால், ஒருத்தி கொட்டாவி விடுகிறாள், இன்னொருத்தி இரண்டு கையாலும் இஸ்திரிப் பெட்டியை அழுத்துகிறாள், நாள் முழுக்க நின்று துணி தேய்த்துப் பிழைக்கும் ஒருவரை அந்தத் தோளைப் பற்றிப் பேசக் கூப்பிடுங்கள். அவருடைய நடன மாணவிகள் ஓவியத்துக்கு நடனம் ஆடுபவரைக் கூப்பிடுங்கள். பேராசிரியருக்குக் கொடுக்கும் அதே சன்மானத்தை இவர்களுக்கும் கொடுங்கள், அதில் குறைக்காதீர்கள்.

யார் வர முடிகிறது என்பதையும் பேசியாக வேண்டும். வேலை நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு உரை வைத்தால் வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார்? அந்த முதல் கண்காட்சி, பாரிஸின் கபுசீன் பெருஞ்சாலையில் புகைப்படக் கலைஞர் நாதாரின் பழைய ஸ்டுடியோவில் நடந்ததே, அது பகலில் மட்டுமல்லாமல் இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரையும் திறந்திருந்தது, கட்டணம் ஒரு ஃபிராங்க். பலர் கையில் காசு இல்லாத ஓவியர்கள் சேர்ந்து நடத்திய கூட்டமைப்புக்கே அது முடிந்திருக்கிறது.

நினைவிழப்பு நோய் உள்ளவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2006இல் தனி நிகழ்ச்சி தொடங்கியது, சின்னக் குழுவாக ஓவியத்தின் முன்னாலேயே உட்காரவைத்துப் பேசவிடுவதுதான் அதன் முறை. பார்வையற்றவர்கள் தொட்டு அறியும்படி 2015இல் மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகம் மேடு பள்ளத்தோடு ஓவிய நகல்களைச் செய்துவைத்தது. தூரிகைத் தடம் இவ்வளவு தடிமனாக இருக்கும் மோனேவுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது? அவருக்கே 1912இல் கண்புரை என்று தெரிந்து, 1923இல்தான் அறுவைச் சிகிச்சை நடந்தது. இடைப்பட்ட காலத்து ஓவியங்கள் உங்கள் கண்காட்சியில் இருந்தால், கண் மருத்துவர் ஒருவரையும் கண்புரை அறுவை செய்துகொண்ட சிலரையும் சேர்த்து அவற்றின் முன் பேசவையுங்கள். நிறம் எப்படிப் பழுப்பேறியது, அறுவைக்குப் பின் கண்கட்டை அவிழ்த்ததும் நீலம் எப்படித் திரும்ப வந்தது என்று அவர்கள் சொல்வதைக் கேட்டபடி அந்த ஓவியத்தைப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

ஓவியங்களைப் பெரிதாக்கிச் சுவரெல்லாம் ஓடவிடுகிற ஒளிவீச்சுக் காட்சிகளை இதோடு சேர்க்க வேண்டாம். கையகலத் தீற்றலைக் கூரை வரைக்கும் பெரிதாக்கிக் காட்டிய பிறகு, உண்மையான கித்தான் முன்னால் வந்து நிற்பவருக்கு அது சின்னதாகவும் மங்கலாகவும் தெரிகிறது. அந்தப் பணத்தில் ஒரு வருஷத்துக்கு மாலை நேரங்களில் காவலர்களை வைத்து அறைகளைத் திறந்து வைக்கலாம்.

ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் 'எத்தனை பேர் வந்தார்கள்' என்று எண்ணி மேலே அனுப்ப வேண்டியிருக்கும் என்பது புரிகிறது. கூடவே இன்னொன்றையும் கேட்டு எழுதுங்கள்: வந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி அதே ஓவியத்தைப் பார்க்க வந்தார்கள் என்று. பத்து முக்காலி நிகழ்ச்சி முந்நூறு இருக்கை அரங்கத்தோடு போட்டி போட்டு நிற்க வேண்டுமானால் இந்தக் கணக்கு இல்லாமல் நடக்காது.

அடுத்த இம்ப்ரெஷனிஸக் கண்காட்சிக்கு இதில் எதையும் முழுதாகச் செய்ய முடியாவிட்டாலும் சரி, வாரத்தில் ஒரு மாலை, ஒரு ஓவியம், ஒரு மணி நேரம் மட்டும் ஒதுக்குங்கள். எந்த ஓவியம் என்பதை முந்தின வாரமே அறிவித்துவிடுங்கள். நாங்கள் வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
உங்கள் நிகழ்ச்சிகளுக்குத் தவறாமல் வரும் ஒரு பார்வையாளர்