செம்பியை அவசரப்படுத்தாதே, மகன்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பா, தங்கச்சி, அப்பாயி எல்லாரும் சுகம். மழை விட்டபாடில்லை, ஆனால் தேயிலைக் கொழுந்து நன்றாக வருகிறது. தீபாவளிக்கு நீ வருவதற்கு முன்னால் செம்பியைப் பற்றி விவரமாகச் சொல்லிவிட வேண்டும். போனில் பாதிதான் கேட்கிறது, அதனால்தான் கடிதம்.

காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் கழுத்து மாட்டிக் கிடந்த நாய் இது. ஹட்டன் பக்கம் தெருநாய்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் சிலர் தூக்கிப்போய் மருந்து கட்டி, விசர்நாய்த் தடுப்பூசியும் போட்டு, குட்டி போடாதபடி ஒப்பரேஷனும் செய்து வைத்திருந்தார்கள். பொட்டை நாய் என்பதால் யாரும் கேட்கவில்லையாம். எனக்கு மனசு கேட்கவில்லை, கூட்டி வந்துவிட்டேன். 2006க்குப் பிறகு அரசாங்கம் தெருநாய்களைக் கொல்வதை நிறுத்திவிட்டது. இனி ஊசியும் ஒப்பரேஷனும்தான் வழி. அந்தப் பிள்ளைகள் சொந்தக் காசில் அதைச் செய்கிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

குட்டியிலிருந்து நம் வீட்டில் வளர்ந்த நாய் வேறு, அடிபட்டு வந்த நாய் வேறு. வந்த புதிதில் இஸ்தோப்புத் திண்ணையில் இருக்கிற வாங்குப் பலகைக்குக் கீழே போய்ப் படுத்தவள் வெளியே வரவே இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிடவும் மாட்டாள். முதல் 3 நாள் பயத்தில் போகும், வீட்டு நடப்பு பிடிபட 3 வாரம் ஆகும், இது நம் வீடு என்று நம்புவதற்கு 3 மாதம்கூட ஆகும் என்று அந்தப் பிள்ளைகள் ஒரு கணக்குச் சொன்னார்கள். சில நாய்க்கு இன்னும் கூடுமாம். நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. பழைய கம்பளியை வாங்குக்குக் கீழே விரித்தேன். தினமும் ஒரே நேரத்தில் சோறு வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து என் பாட்டுக்கு அரிசி புடைத்தேன். அவ்வளவுதான். இப்போது கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து நான் வரும் நேரம் தெரிந்து வாசலில் நிற்கிறாள். ஆனால் கையில் கொழுந்து மட்டம் பார்க்கிற மட்டக்கம்பு இருந்தால் ஒடுங்கிப் போகிறாள். அப்பா தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கண்டாலும் அப்படித்தான். எந்தப் பாவி அடித்தானோ! அதனால் இரண்டையும் கோழிக்கூட்டுப் பக்கம் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறோம்.

நீ வந்ததும் ஓடிப்போய்த் தூக்காதே. உனக்கு நாய் என்றால் உயிர், தெரியும். ஆனால் அவளுக்கு நீ புது ஆள். கண்ணுக்குள் பார்க்காதே, தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாதே. கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் உட்கார். அவளே வந்து மோந்து பார்ப்பாள். அப்புறம் நெஞ்சுப் பக்கம் தடவு. தூக்கம் வராமலே கொட்டாவி விட்டால், நாக்கால் உதட்டை நக்கினால், வாலை இடுக்கினால் பயப்படுகிறாள் என்று அர்த்தம். கையை எடுத்துவிடு. பயந்த நாய்தான் கடிக்கும். எந்த நாய் கடித்தாலும் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கொழும்பிலும் இதை மறக்காதே.

பட்டாசு விஷயம் ஒன்று. நம் காதுக்கு எட்டாத சத்தமெல்லாம் நாய்க்குக் கேட்கும். லயத்து வீட்டு வரிசையில் மற்றவர்களை வெடிக்காதே என்று சொல்ல முடியாது, அது அவர்கள் பண்டிகை. நம் வாசலில் மட்டும் வேண்டாம். அன்றைக்கு அவளை உள்ளறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, ரேடியோ போட்டுவிடுவேன். யாராவது ஒருவர் கூட இருப்போம். பயத்தில் ஓடிய நாய்க்குத் தேயிலைக்குள் வழி தெரியாது.

இரவில் அவள் வீட்டுக்குள்தான் படுக்கிறாள். நாய்க்கு வெளியில்தான் இடம் என்று அப்பா சொன்னார். சிறுத்தை லயத்துக்குக் கிட்ட வந்து நாயைத் தூக்குவது இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றேன். இப்போது கதவைச் சாத்துவதே அவர்தான்.

தங்கச்சி அவள் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தினமும் உண்ணி பார்க்கிறாள். உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் சாப்பிடாமல் சோர்ந்துவிடும், ஈறு வெளுத்துப்போகும். அப்படித் தெரிந்தால் உடனே மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும். கறிச் சோறும் வைப்பதில்லை, வெங்காயம் நாய்க்கு ஆகாது. வெறும் சோற்றில் உப்பில்லாமல் அவித்த கோழி இறைச்சி, எலும்பை எடுத்துவிட்டு.

கழுத்துப் புண் ஆறிவிட்டது, ஆனால் அந்த இடத்தில் எதையும் கட்ட விடமாட்டாள். வரும்போது கழுத்துப்பட்டி வாங்காதே. நெஞ்சைச் சுற்றிப் போடுகிற பட்டி கொழும்புக் கடைகளில் இருக்குமாம், அது ஒன்று வாங்கி வா. அளவெடுத்த நூலை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா