நான்காம் ஆண்டின் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வளரும் நாடுகளின் குடிநீர், துப்புரவுக் கொள்கைத் துறையில் சேர எந்தப் பட்டம் வேண்டும் என்று உங்கள் கல்வி வழிகாட்டிப் பக்கங்கள் எழுதுகின்றன. பொறியியல், பொது சுகாதாரம், பொருளியல் எதுவானாலும் சேரலாம். ஆனால் கொள்கை எழுதப்போகிறவர் கழிவறைக் குழியில் சேரும் மலக்கசட்டின் கணக்கைக் கற்றே ஆகவேண்டும். அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

குழிக் கழிவறையில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 40 முதல் 90 லிட்டர் கசடு சேரும். தண்ணீரால் கழுவினால் குறைவு; காகிதமும் கல்லும் விழுந்தால் அதிகம். 60 லிட்டர் என்று வைத்தால், ஆறு பேர் உள்ள வீட்டில் 1.5 கன மீட்டர் குழி நான்கு ஆண்டில் நிரம்பிவிடும். கட்டுவதற்கு மானியம் ஒதுக்கும் திட்டங்கள் பலவற்றில் அந்த நான்காம் ஆண்டுக்கு ஒரு காசுகூட இருப்பதில்லை. கசடை உறிஞ்சி எடுத்துப்போகும் லாரி தெருவுக்குள் நுழையுமா? கொட்டுமிடம் எவ்வளவு தூரம்? தூரம் கூடினால் டீசல் செலவுக்கு அஞ்சி வாய்க்காலில் கொட்டிவிடுவார்கள்.

ஒன்று மாற்றி ஒன்றாகப் பயன்படுத்தும் இரட்டைக் குழியில் நிரம்பியதை மூடி இரண்டு ஆண்டு விட்டால் கசடு மக்கி, அள்ளும் பதத்துக்கு வரும். இரண்டு குழிக்கும் ஒரே சமயத்தில் கழிவு போகும்படி கொத்தனார் இணைத்துவிட்டால் எல்லாம் வீண். கழிவை ஏதாவது ஒரு குழிக்குத் திருப்பிவிடும் பிரிப்புத் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாலே இந்தத் தவறு தெரிந்துவிடும். பார்க்கத்தான் ஆளில்லை.

2030க்கான ஐ.நா. நிலையான வளர்ச்சி இலக்குகளில் ஆறாவது குடிநீர், துப்புரவு பற்றியது; அது கழிவறை இருக்கிறதா என்பதோடு நிற்பதில்லை. கழிவு அங்கேயே பாதுகாப்பாக மக்குகிறதா அல்லது சுத்திகரிப்பு வரை போய்ச் சேர்கிறதா என்றும் கேட்கிறது.

தண்ணீரிலும் இதே கவனம் வேண்டும். குளோரின் கலந்து 30 நிமிடம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது எஞ்சவேண்டும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் கலங்கலே குளோரினைத் தின்றுவிடும். ஆகவே தொட்டியில் மட்டுமின்றிக் கடைசிக் குழாயிலும் அளக்கவேண்டும். வங்கதேசத்தில் 1970களிலிருந்து வயிற்றுப்போக்கைத் தடுக்க அடிபம்புகளைப் பரவலாக இறக்கினார்கள். கிருமியை நினைத்தவர்கள் நிலத்தடி நீரில் இருந்த ஆர்சனிக் என்ற நஞ்சைச் சோதிக்கவில்லை. 1993இல்தான் அது தெரியவந்தது. அதற்குள் ஒரு தலைமுறையே அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டது.

எனவே வழிகாட்டிப் பக்கங்களில் பல்கலைக்கழகப் பட்டியலோடு இன்னொன்றையும் சேருங்கள்: ஒரு சிற்றூரின் பம்பு, வாஷர், குளோரின், கசடு லாரி, ஊழியர் சம்பளம் அனைத்துக்கும் 20 ஆண்டுச் செலவை மாணவரே போட்டுப் பார்க்கும் பயிற்சி.

இப்படிக்கு,
குடிநீர், துப்புரவுத் துறைப் பொறியாளர்கள் சிலர்