பெரியப்பா, அது நம்ம ஊர் வானம் இல்லை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் போட்ட மொட்டைமாடிப் படத்துக்கு இதுவரை 23 பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கிற சித்தி மகள் மூன்று தடவை "வாவ்" என்று எழுதியிருக்கிறாள், பெங்களூரு மாமா "இது நம்ம திண்டுக்கல்லா?" என்று ஆச்சரியப்பட்டிருக்கிறார். நானும் ஒரு இதயம் போட்டேன். மனசாரப் போடவில்லை, அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன். குரூப்பில் சொன்னால் சண்டையாகிவிடும். போனில் சொன்னால் "சரிடா சரிடா" என்று வைத்துவிடுவீர்கள். இப்படிக் கடிதமாக எழுதினால் பேரன் உட்கார்ந்து படித்துக் காட்டுவான், நீங்கள் பாதியில் எழுந்து போக முடியாது.

பெரியப்பா, அது நம்ம ஊர் வானம் இல்லை.

கறுப்புத் தண்ணீர் டேங்க் உங்களுடையதுதான். கொடியில் காய்கிற சின்னாளபட்டிச் சுங்குடி பெரியம்மாவுடையதுதான். பின்னால் தெரிகிற மலைக்கோட்டையும் சந்தேகமில்லாமல் நம்முடையது. ஆனால் அதற்கு மேலே இருக்கிற கத்தரிப்பூ நிற மேகமும், பாறைக்குப் பின்னால் இறங்குகிற ஆரஞ்சுச் சூரியனும், அந்தச் சூரியன் தலைக்கு மேலேயே குடை பிடித்த மாதிரி நிற்கிற வானவில்லும் வேறு எங்கேயோ எடுத்தது, இல்லை எங்கேயுமே எடுக்காதது. இருக்கிற வானத்தை வெட்டிவிட்டு வேறு வானத்தை ஒட்டித் தருகிற ஒரு ஆப்பைப் பேரன் போட்டுக் கொடுத்திருக்கிறான் என்று மதினி பிறகு சொன்னார்கள். அவர்கள் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

எப்படி என்று கேட்பீர்கள். நாற்பது வருஷம் பூட்டுப் பட்டறையில் உட்கார்ந்தவர் நீங்கள், சாவியை விட்டுத் திருப்புகிற சத்தத்திலேயே எது நம் பட்டறையில் போட்டது, எது வெளியே எவனோ அராவிக் கொண்டுவந்தது என்று சொல்லிவிடுவீர்கள். படத்திலும் அப்படி ஒரு சத்தம் இருக்கிறது. உங்கள் மாடியிலிருந்து பார்த்தால் மலைக்கோட்டை கிழக்கே இருக்கிறது. பரீட்சை லீவில் நாங்களெல்லாம் அங்கே பாய் போட்டுப் படுத்து, பாறைக்குப் பின்னாலிருந்து வெயில் வந்து மூஞ்சியில் அடித்துத்தானே எழுந்தோம்? உங்கள் படத்தில் சூரியன் கிழக்கே அஸ்தமிக்கிறது. அது போகட்டும், டேங்க்கைப் பாருங்கள். நம்மைப் பார்த்த பக்கம் முழுக்கப் பளிச்சென்று வெயில், நிழல் அந்தப் பக்கமாக விழுந்திருக்கிறது. அதாவது நிஜச் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. முதுகில் ஒன்று, எதிரில் ஒன்று, ஆக மொத்தம் இரண்டு சூரியன்.

வானவில்தான் இருப்பதிலேயே பெரிய பொய். சூரியன் இருக்கிற பக்கம் வானவில் வரவே வராது. வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து போய், எதிரே பெய்கிற மழைத்துளிக்குள் நுழைந்து, உள்சுவரில் பட்டுத் திரும்பி வந்தால்தான் அந்த நிறம். நம் தலையின் நிழல் தரையில் எங்கே விழுகிறதோ அந்தத் திசைதான் வானவில்லின் நடுப்புள்ளி, அதைச் சுற்றி 42 டிகிரியில் வளைவு நிற்கும். கையை நீட்டி ஒரு சாண் விரித்தால் வானத்தில் ஏறக்குறைய 20 டிகிரி வரும், ஆக இரண்டு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் 42 டிகிரிக்கு மேலே ஏறிவிட்டால் வளைவு மொத்தமும் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும், அதனால்தான் உச்சி வெயிலில் நீங்களும் நானும் வானவில் பார்த்ததே இல்லை. காலையில் வந்தால் மேற்கே வரும், சாயங்காலம் வந்தால் கிழக்கே.

சாயங்காலம் வந்தால் கிழக்கே! இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உங்கள் மாடிக்குக் கிழக்கே என்ன இருக்கிறது? ஆப் இல்லாமலே அந்தப் பாறைமேல் வானவில் வரும் பெரியப்பா. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எனக்கு வானம் பார்க்கக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான். உங்களுக்கே அது தெரியுமா என்று தெரியவில்லை. 2019 டிசம்பர் 26, கங்கண சூரிய கிரகணம். கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல் என்று நம் பக்கமெல்லாம் சூரியன் வளையமாகத் தெரிந்த நாள். அப்பத்தா தண்ணீர்ப் பானையில் தர்ப்பையைப் போட்டு மூடி, மாசமாயிருந்த மதினியை உள்ரூமில் வைத்துக் கதவைச் சாத்தி, ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டிவிட்டார்கள். அண்ணன்களெல்லாம் மாடியில் எக்ஸ்ரே பிலிமை வைத்துக்கொண்டு செல்போனைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் (எக்ஸ்ரே பிலிம் கண்ணுக்கு ஆகாது, அதற்கென்று இருக்கிற கண்ணாடிதான் போட வேண்டும், அன்றைக்கு அதைச் சொல்ல ஆளில்லை). எல்லோருடைய போனிலும் ஒரே வெள்ளைத் திட்டுதான் விழுந்தது. நீங்கள் மட்டும் கீழே வேப்பமரத்தடியில் குனிந்து நின்றுகொண்டு தரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வந்து பார்த்தால் வாசல் முழுக்க வளையல் கடைக்காரர் கூடையைக் கவிழ்த்துவிட்ட மாதிரி வளையம் வளையமாக வெளிச்சம்! இலைகளுக்கு நடுவே இருக்கிற ஒவ்வொரு சின்ன இடுக்கும் ஊசித்துளைக் கேமரா மாதிரி வேலை செய்து, ஒவ்வொன்றும் ஒரு சூரியனைத் தரையில் போடுகிறது. மற்ற நாளிலும் மரத்தடியில் விழுகிற வட்ட வட்ட வெளிச்சமெல்லாம் சூரியனின் படம்தான். அது எப்போதும் வட்டமாகவே இருப்பதால் நாம் கவனிப்பதில்லை.

மூன்று நிமிடம் போல இருந்தது அந்த வளையம். அந்தப் படத்தின் ஓரத்தில் உங்கள் ரப்பர் செருப்பும் ஒரு கோழியின் பாதி உடம்பும் விழுந்திருக்கின்றன. கீழே பட்டறையில் ஆர்டர் சீட்டு எழுதுகிற மாதிரி "26-12-19, காலை 9.30, வேப்பமரத்தடி" என்று எழுதி அனுப்பியிருந்தீர்கள். என் மூன்று போன் மாறியும் அந்தப் படம் மட்டும் கூடவே வருகிறது.

அதற்குப் பிறகுதான் நானும் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தேன். 2021 மே 24 அன்று பெங்களூருவில் பகல் நேரத்தில் சூரியனைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரிந்தது, ஊரடங்கில் அடைந்து கிடந்த தெருவே மாடிக்கு வந்துவிட்டது. உங்களுக்குத்தான் முதலில் அனுப்பினேன். நீங்கள் ஒரே வரியில் "அகல் வட்டம் பகல் மழை" என்று பதில் போட்டீர்கள். பிறகு தேடிப் படித்தேன். ரொம்ப உயரத்தில் பரவியிருக்கிற மெல்லிய மேகத்தில் ஆறு பட்டை உள்ள பனிப்படிகங்கள் இருக்கும், அவற்றுக்குள் புகுந்த வெளிச்சம் 22 டிகிரி திரும்பி வருவதால் அந்த வட்டம். அந்த மாதிரி மேகம் பல நேரம் மழைக்கு முன்னால் வருகிற மேகம்தான், ஆகவே பழமொழி சொன்னவர் சும்மா சொல்லவில்லை. நடுவிலிருந்து ஓரம்வரை சரியாக ஒரு சாண். அளந்து பார்க்கும்போது சூரியனை மட்டும் டேங்க்குக்கோ தெருவிளக்குக் கம்பத்துக்கோ பின்னால் மறைத்துக்கொள்ளுங்கள். படமும் அப்படி எடுத்தால்தான் நன்றாக விழும்.

படத்தில் என்ன போனது, கொஞ்சம் அழகாக்கினால் தப்பா என்று நீங்கள் கேட்கலாம். அண்ணன் கேட்பார், நிச்சயம். உங்கள் மாவட்டத்துக் கதையையே சொல்கிறேன். 1883 ஆகஸ்ட் கடைசியில் இந்தோனேசியாப் பக்கம் கிரகடோவா எரிமலை வெடித்தது. அது கக்கியது வானத்தில் பரவி, அடுத்த மாதம் இலங்கையிலும் நம் மெட்ராஸிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. நிஜமாகவே பச்சை. அப்போது மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த மிச்சி ஸ்மித் என்பவர் அந்தப் பச்சை வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்துக் குறித்துவைத்தார். இப்படி உலகம் முழுக்க, எந்த நாள், எத்தனை மணி, என்ன நிறம் என்று ஆளாளுக்கு எழுதிவைத்ததையெல்லாம் திரட்டி லண்டன் ராயல் சொசைட்டி 1888-ல் ஒரு தடித்த அறிக்கை போட்டது. பச்சைச் சூரியனை யாரும் நம்ப மாட்டார்கள், மஞ்சளாக மாற்றி எழுதுவோம் என்று அவர் நினைத்திருந்தால்?

அதே மிச்சி ஸ்மித்தான் பின்னாளில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு இயக்குநரானார். அங்கே 1904-லிருந்து வெயில் இருக்கிற நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். முகத்தில் புள்ளி இருந்தால் புள்ளியோடு. அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் 1909-ல் எவர்ஷெட் என்பவர், கரும்புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். உங்கள் மாடியிலிருந்து பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம், ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நானும் யோக்கியன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் முன்பு குடியிருந்த தெருவில் ஒரு நாள் மழை விட்ட சாயங்காலம் வானம் மொத்தமும் மஞ்சளாகி, சுவர், நாய், இஸ்திரி வண்டி எல்லாமே மஞ்சள் பூசிய மாதிரி ஆனது. எடுத்தேன். கரண்டு ஒயர், கேபிள் ஒயர், ஒரு வளைந்த கம்பம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விரலால் தேய்த்து அழித்துவிட்டுப் போட்டேன், நிறைய லைக் வந்தது. ஒரிஜினலை வைத்துக்கொள்ளவில்லை. இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் எந்த ஊர் என்றே சொல்ல முடியவில்லை. அந்த வளைந்த கம்பத்தடியில்தான் தினமும் பால் பாக்கெட் வாங்கினேன்.

உங்கள் படங்களில் எனக்கு ரொம்பப் பிடித்ததுக்குக் குரூப்பில் நாலே நாலு இதயம்தான் விழுந்தது. ஒருவர் சைக்கிள் கேரியரில் பீரோக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு போகிறார், தெரு முழுக்க நிழல், கண்ணாடிக்குள் மட்டும் ஒரு துண்டு நீல வானமும் ஒரு வெள்ளை மேகமும். படம் கோணல், கொஞ்சம் கலங்கலும்கூட. தெருவில் ஒருவர் வானத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்த ஒரே ஆள் நீங்கள்! அதற்குக் கீழே அண்ணன் "போகஸ் இல்லைப்பா" என்று எழுதினார். அதற்கப்புறம்தான் நீங்கள் குறைத்துக்கொண்டீர்கள், அப்புறம்தான் இந்த ஆப்பும் வந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, கைத்தொழில் விஷயத்துக்கு வருகிறேன். போனின் பின்பக்கக் கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்துவிட்டு எடுங்கள், உங்கள் கையில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். படம் வெளுத்துப்போனால், பிரகாசமான மேகத்தின்மேல் விரலை வைத்து அழுத்தினால் பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் வரும், அதைக் கீழே இழுங்கள், நிறம் தானாகத் திரும்பும். சூரியன் மறைந்ததும் கீழே இறங்கிவிடாதீர்கள், உயரத்து மேகமெல்லாம் அதற்குப் பிறகுதான், பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துச் சிவக்கும். மின்னலுக்குப் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தால் சிக்காது, வீடியோவில் போட்டுவிட்டு அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மாடியில் வேண்டாம், ஜன்னலுக்கு உள்ளேயிருந்து. அனுப்பும்போது டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லிப் பேரனிடம் கேளுங்கள், இல்லையென்றால் வாட்ஸ்அப் பாதியைத் தின்றுவிடும். கீழே தேதி, நேரம், இடம் எழுதுகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2031 மே 21 அன்று மதுரைப் பக்கம் இன்னொரு கங்கண கிரகணம் வருகிறது, அப்போது உங்களைக் கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு.

இப்போது பாறைமேல் வானவில். ஐப்பசி வரட்டும். கிழக்கே கறுத்துக்கொண்டு மழை விழ வேண்டும், மேற்கே வானம் கொஞ்சம் திறந்து வெயில் அடிக்க வேண்டும், காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்று பிள்ளைகள் கத்துகிற அந்த நேரம்தான். நாலரையிலிருந்து ஐந்தரைக்குள் என்றால் வளைவு நன்றாக உயர நிற்கும். டேங்க்குக்கு இந்தப் பக்கம் வந்து, வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு, மலைக்கோட்டையைப் பார்த்து நில்லுங்கள். முழு வளைவு சாதாரணமாக எடுத்தால் அடங்காது, கேமராவில் 0.5 என்று இருப்பதைத் தொட வேண்டும். முதல் வில்லுக்கு வெளியே மங்கலாக இன்னொன்றும் வரலாம், அதில் நிறமெல்லாம் தலைகீழாக இருக்கும், இரண்டுக்கும் நடுவே வானம் கொஞ்சம் கறுத்துத் தெரியும். அது விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன், அந்தக் கறுப்பை எந்த ஆப்பும் ஒழுங்காகப் போடுவதில்லை.

ஒரு நாளில் வராது, ஒரு வாரம்கூட ஏமாற்றும். வந்தால் டேங்க், ஒயர், கொடிக்கம்பி எல்லாம் அப்படியே இருக்கட்டும். சுங்குடியை மட்டும் முதலில் எடுத்து உள்ளே போட்டுவிடுங்கள், படத்துக்காக இல்லை, மழையில் நனைந்தால் பெரியம்மா நம் இரண்டு பேரையும் விடமாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்