நிர்வாகக் கட்டணம் கொடுக்கும் முதலாளிமார்களுக்கு

திருப்பூர், பல்லடம், அவிநாசி வட்டாரத்துக் குடும்பக் கம்பெனி முதலாளிமார்களுக்கு வணக்கமுங்க.

22 வருஷமாக மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் கணக்குப் பார்க்கிறவன் எழுதுகிறேன். தம்பி கம்பெனியை அண்ணன் கம்பெனி நிர்வகிப்பதும், அதற்குக் கட்டணம் வாங்குவதும் நம்மூரில் சகஜம். சட்டப்படி தப்பே இல்லை. 1961 வருமான வரிச் சட்டத்தின் 37(1) பிரிவு, அந்தச் செலவு முழுக்கத் தொழிலுக்காகவே ஆனதா என்றுதான் கேட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் வந்த புதுச் சட்டத்திலும் அந்தக் கேள்வி மாறவில்லை.

நான் கணக்குப் பார்த்த ஒரு கம்பெனிக்கு வருமான வரித் துறையிலிருந்து ஆன்லைனில் நோட்டீஸ் வந்தது. "18 லட்சம் கொடுத்திருக்கிறீர்கள், என்ன சேவை பெற்றீர்கள்?" எங்கள் கையில் இருந்தது மார்ச் 31 தேதி போட்ட ஒரே பில். "நிர்வாகக் கட்டணம்" என்று ஒரு வரி. ஒப்பந்தம் கிடையாது. ஆனால் வேலை நடந்தது நிஜம். அண்ணன் கம்பெனி மேனேஜர் செவ்வாய்தோறும் வந்து சாயக் கலர் சாம்பிளைப் பார்த்து, பையருக்கு மெயில் போட்டுவிட்டுத்தான் போவார். வாட்ச்மேன் அவர் வண்டி நம்பரைக் கேட் நோட்டில் ஒவ்வொரு வாரமும் எழுதியிருந்தார். அந்த நோட்டை ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்தபோது பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டோம். செலவு என்று ஏற்காமல், 18 லட்சத்தையும் கம்பெனியின் வருமானத்தில் சேர்த்துவிட்டார்கள். அந்த முதலாளி முகத்தை என்னால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

வரியைக் குறைக்க, நஷ்டத்தில் ஓடும் கம்பெனிக்கு லாபத்தைத் தள்ளிவிடச் சிலர் வேலையே நடக்காமல் இப்படி பில் போடுகிறார்கள். அதனால்தான் உழைத்தவன் பில்லும் சந்தேகத்துக்கு ஆளாகிறது. அதை முதலில் நிறுத்த வேண்டும்.

இயக்குநருக்கோ அவர் உறவினருக்கோ 20 சதவீதப் பங்குள்ள கம்பெனி என்றால் 1961 சட்டத்தில் 40ஏ(2)-ஆக இருந்த பிரிவும் வரும்; சந்தை விலைக்கு மேலே கொடுத்த தொகையை மட்டும் செலவாக ஏற்க மாட்டார்கள். கட்டணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்ட வேண்டிய வரியான டிடிஎஸ்ஸைப் பிடிக்காமல் விட்டால் செலவில் 30 சதவீதம் போச்சு. செலவு நியாயமா என்பதை வியாபாரியின் கண்ணோட்டத்தில்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது. அந்த வாதம் நமக்குக் கைகொடுக்க, வேலை நடந்ததற்கு முதலில் சாட்சி வேண்டுமே!

தயவுசெய்து வருஷ ஆரம்பத்திலேயே ஒப்பந்தம் போடுங்கள். என்ன வேலை, யார் செய்வது, எந்த அடிப்படையில் கட்டணம் என்று அதில் எழுதுங்கள். மாதாமாதம் பில் வாங்குங்கள். மெயில், மீட்டிங் குறிப்பு எதையும் அழிக்காதீர்கள். கேட் நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.