தொண்டி மாப்பிள்ளைக்கு, ஃபைபர் பொடி விஷயமாக

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் கேட்டால் சிரிப்பாய். பழைய ஃபைபர் படகு வாங்கினேன், அடிப்பக்க வெடிப்பைத் தேய்த்தேன், ராத்திரி முழுக்க உடம்பில் முள் குத்தியது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு ‘இவனுக்கு விவரம் போதாது’ என்று சிரித்தவன் நான். அடுத்த வாரமே எனக்கும் அதே கதி.

கோட்டைப்பட்டினத்திலிருந்து தெரிந்தவர் ஒருவர் தன் படகின் மீன்பெட்டி மூடியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். ஓரத்தில் பிளந்திருந்தது, சின்ன வேலைதான். அன்றைக்கென்று பட்டறையில் கரண்ட் இல்லை. நான் குடியிருக்கிற பெரிய வீட்டின் பின்கட்டில் கரண்ட் இருந்தது. சரி, பத்து நிமிஷ வேலை என்று தேய்க்கிற கை கிரைண்டரை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். துபாயில் பதினோரு வருஷம் படகுப் பட்டறையில் இதே வேலை பார்த்தவன், மூளை எங்கே போயிற்றோ.

நம் ஊர் வீடுகள் உனக்குத் தெரியும். முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று கடைசி வாசல்வரை நேர்கோட்டில் தெரியும். காற்று தடையில்லாமல் ஓடத்தான் அப்படிக் கட்டினார்கள். அந்தக் காற்று என் பொடியையும் ஏற்றிக்கொண்டு ஓடியது. நடுவில் முற்றத்தில் ஆச்சி மோர்மிளகாயும் கொத்தவரை வத்தலும் பாய் பாயாய்க் காயவைத்திருந்தார்கள்! எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினோம். சுண்ணாம்புச் சுவரையும் ஆத்தங்குடித் தரையையும் ஈரத்துணியால் இரண்டு தரம் துடைத்ததும் போய்விட்டது. ஆனால் அந்தப் பர்மாத் தேக்கு நிலையில் இருக்கிறதே சித்திர வேலை, அதன் ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் பிரஷை வைத்து நோண்டி எடுக்க எனக்கு ஒரு நாள் முழுசாகப் போயிற்று. ஆச்சி திட்டவில்லை. “தம்பி, படகு வேலையை இனிமேல் கடல் பக்கம் வச்சுக்கப்பா” என்றார்கள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இந்த அரிப்பு அலர்ஜியோ என்று கேட்டிருந்தாயே, இல்லை, பயப்படாதே. படகு கட்டுகிற ஃபைபர் மேட், அதாவது இழைப் பாய், அதில் இருக்கிற கண்ணாடி இழை பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான் கனம், தலைமுடியைவிட மெல்லிசு. தேய்க்கும்போது அது துண்டு துண்டாக உடைந்து ஊசிமாதிரி தோலில் குத்துகிறது. மருந்து தடவிப் பயனில்லை, குத்தியதை எடுக்க வேண்டும். இதோடு, மேட்டை ஒட்டவைத்து இறுகுகிற ரெசின் பசையின் காய்ந்த பொடியும் பறக்கும். அதில் பாதி கண்ணுக்கே தெரியாது, நெஞ்சுக்குள் போவது அதுதான். அரிப்பு நின்றுவிட்டதே என்று இதை மறந்துவிடாதே.

நீ மாஸ்க் எது வாங்கலாம் என்றுதான் கேட்டிருக்கிறாய். அதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் முதலில் பார்க்க வேண்டியது பொடியை எவ்வளவு குறைக்கலாம் என்பதை. ரெசின் இறுகி, ஆனால் இன்னும் தோல்மாதிரி வளைகிற ஒரு பருவம் வரும். அந்த நேரத்தில் ஓரங்களைக் கத்தியால் சீவிவிட்டால் வெண்ணெய்போல வரும், ஒரு துளி பொடி கிடையாது. அதையே மறுநாள் விட்டால் கல்லாகிவிடும், அப்புறம் கிரைண்டர்தான். வெயிலையும், ரெசினை இறுகவைக்கிற ஹார்ட்னர் அளவையும் பொறுத்து அந்த நேரம் மாறும், பக்கத்திலேயே உட்கார்ந்து விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிரு. அப்புறம் பீல் ப்ளை என்று ஒரு நைலான் துணி இருக்கிறது. கடைசி மேட்டின்மேல் ஈரமாக இருக்கும்போதே அதை ஒட்டிவைத்து, காய்ந்ததும் உரித்தெடுத்தால் சொரசொரப்பாக, அடுத்த பூச்சுக்குத் தயாராக இருக்கும். தேய்க்கிற வேலை பெரும்பாலும் மிச்சப்படும். துபாயில் இதைப் பார்த்தபோது, ஊரில் இத்தனை வருஷம் சும்மா அரித்துக்கொண்டிருந்தோமே என்று நொந்துகொண்டேன்.

மேலே ஜெல்கோட்டை, அதாவது படகின் வெளிப்பூச்சை, வழவழப்பாக்குகிற வேலையென்றால் உப்புத்தாளைத் தூக்கிப்போட்டுவிட்டு, நனைத்துத் தேய்க்கிற வாட்டர் பேப்பரும் வாளித் தண்ணீரும் எடுத்துக்கொள். பொடி பறக்காது, கூழாக வழியும். கையால்தான் தேய்க்க வேண்டும், தண்ணீர் பக்கத்தில் கரண்ட் மிஷினைக் கொண்டுபோகாதே. அந்தக் கூழைக் காயவிடாமல் உடனே கழுவிவிடு, காய்ந்தால் மறுபடி பொடிதான். கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்று அந்தத் தண்ணீரை அள்ளி ஊற்றாதே, உப்புப் படிந்த இடத்தில் ரெசின் ஒழுங்காகப் பிடிக்காது. நல்ல தண்ணீரில் கழுவி, இழை வெளியே தெரிகிற இடங்களை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகுதான் புது மேட்.

வெடிப்பைத் தோண்டி எடுப்பதற்கு மட்டும் தண்ணீர் உதவாது, கிரைண்டர்தான் வேண்டும். அங்கே வேக்குவம் கிளீனர் இல்லாமல் தொடங்காதே. இரண்டாவது ஆள் குழாயைப் பொடி கிளம்புகிற இடத்திலேயே, டிஸ்க்கை ஒட்டிப் பிடிக்க வேண்டும். குழாயின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு தூரம் தள்ளிப் பிடித்தாலே இழுவை பத்தில் ஒரு பங்காகிவிடும். ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் பிடிப்பவனுக்குக் கைவலி மட்டும்தான் மிச்சம். நுண்ணிய பொடியையும் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் இருக்கிற மிஷினாகப் பார். வீட்டில் சோபா துடைக்கிற சாதாரண மிஷின், நுண்ணிய பொடியைப் பின்பக்கமாக நம் மூஞ்சியிலேயே ஊதும். ஆர்பிட்டல் சாண்டர், அதாவது உப்புத்தாள் ஒட்டித் தேய்க்கிற மிஷின், வாங்கினால் தாளின் ஓட்டைகளும் தட்டின் ஓட்டைகளும் நேராக இருக்கிறதா பார், பாதிப் பேர் அதை ஏறுமாறாக ஒட்டிவிட்டு மிஷின் சரியில்லை என்பார்கள்.

கரையில் எப்படி நிற்பது என்றும் கேட்டிருந்தாய். காற்று முதுகில் அடிக்க நிற்பது நல்லது என்று தோன்றும், அது தப்பு. முதுகில் மோதிய காற்று சுழன்று முன்பக்கம் வந்து பொடியை மூக்குக்கே கொண்டுவரும். பக்கவாட்டில் அடிக்கும்படி நில். யாராவது வலை காயவைத்திருக்கிற திசையில் மட்டும் விடாதே, பாவம், நாளைக்கு வலை இழுக்கிறவன் கை என்ன பாடுபடும். கீழே தார்ப்பாய் விரித்துப் பொடியைச் சேர்த்துக் கட்டி எடு, மணலில் விட்டால் அப்படியே கடலுக்குப் போய்விடும்.

சரி, மாஸ்க். துணிக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சமாளித்ததாக எழுதியிருக்கிறாய், அது வேலைக்கு ஆகாது. பொடிக்கு என்95 குறைந்தபட்சம். ரெசின் கலக்கும்போது வருகிற ஸ்டைரின் வாடையை அது தடுக்காது, அதற்குக் கார்பன் டப்பா வைத்த முகமூடி தனி. இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே, உன் தாடி. காலேஜ் நாளிலிருந்து வளர்த்ததுதான், ஆனால் தாடிமேல் எந்த மாஸ்க்கும் ஒட்டி உட்காராது, சந்து வழியாக எல்லாம் உள்ளே போகும். இந்த ஒரு மாதம் மட்டும் எடுத்துவிடேன்.

உடம்புக்கு முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் டேப் சுற்றிக்கொள். வேலை முடிந்ததும் கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதாதே, எல்லோரும் செய்கிற தப்பு, இழை துணிக்குள்ளும் தோலுக்குள்ளும் இன்னும் ஆழமாக ஏறும். வேக்குவத்தால் இழு. அப்புறம் பச்சைத் தண்ணீர் தோலில் ஓடட்டும், துண்டால் தேய்க்காதே, அதன் பிறகு சோப்பு. அப்படியும் குத்தினால் அந்த இடத்தில் செல்லோ டேப்பை ஒட்டி உரி, இழை அதோடு வந்துவிடும். அந்தத் துணிகளைத் தங்கச்சி புடவையோடு சேர்த்து ஊறவைத்துவிடாதே, என் பெயரும் சேர்ந்து கெடும்.

வேறு சேதி பெரிதாக இல்லை. மகளுக்கு தேவகோட்டையிலேயே வேலை கிடைத்துவிட்டது, தினம் பஸ்ஸில் போய்வருகிறாள். முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டாய், ஞாபகம் இருக்கிறது. ஏப்ரல் 15 ஆகிவிட்டால் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்க்கக் கரையேறி ஃபைபர் வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிடும். அதற்கு முன்னாலேயே முடித்துவிடுவோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை முதல் தொண்டி பஸ்ஸில் வருகிறேன், வேக்குவம் கிளீனரும் நானே கொண்டுவருகிறேன். நீ தார்ப்பாயும் இரண்டு வாளி நல்ல தண்ணீரும் வைத்திரு. ஆச்சி உனக்கென்று ஒரு டப்பா சீப்புச் சீடை கொடுத்திருக்கிறார்கள், பின்கட்டுச் சம்பவத்துக்குப் பிறகு சுட்டதுதான், தைரியமாகச் சாப்பிடலாம்.

அன்புடன்,
உன் காரைக்குடி மாப்பிள்ளை