பழுதாகாத சிந்தசைசருக்குப் பழுது என்று வாரண்டி மறுத்தது குறித்து

அனுப்புநர்:
இசை ஆசிரியர், நாகர்கோவில்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 61 கீ டிஜிட்டல் சிந்தசைசர் – தொடக்கக் கையேட்டின் குறையும் சேவை மையத்தின் தவறான முடிவும்

ஐயா,

என்னிடம் பாட்டு கற்கும் பிள்ளைகளுக்காக உங்கள் சிந்தசைசரை வாங்கினேன். கருவியில் எனக்குக் குறையே இல்லை. ஸ்டிரிங்ஸ் ஒலி அருமை. ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் வீச்சைக் கூட்டி வைத்தால் கமகம்கூட ஓரளவு பிடிபடுகிறது. கோளாறெல்லாம் அதனுடன் வந்த தொடக்கக் கையேட்டில்தான்.

கணினியில் பதிவு செய்ய, யூஎஸ்பி கேபிளை மாட்டி, மிடி (கருவியும் கணினியும் இசைச் செய்தி பரிமாறும் முறை) மெனுவில் 'லோக்கல் கன்ட்ரோல்' என்பதை ஆஃப் செய்து சேமிக்கச் சொல்கிறது அந்தக் கையேடு. அப்படியே செய்தேன், பதிவும் நன்றாக வந்தது. அப்புறம் கேபிளைக் கழற்றிவிட்டு வகுப்பில் வாசிக்க உட்கார்ந்தால் ஒரு கீயும் பேசவில்லை. திரை எரிகிறது, டெமோ பாட்டு ஒலிக்கிறது, விரல் வைத்தால் மட்டும் சத்தமில்லை.

உங்கள் சேவை மையத்திலிருந்து வந்தவர் நாலு கீயைத் தட்டிப் பார்த்துவிட்டு மெயின் போர்டு போய்விட்டது என்றார். கணினியில் இணைத்ததால் போனது, அதனால் வாரண்டி கிடையாது என்று எழுதியும் கொடுத்தார். பார்வைக் கட்டணம் 750 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் வாசிக்கும் நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். டெமோ ஒலிக்கிறது, ஆகவே ஒலிப்பகுதி நன்றாக இருக்கிறது. கீயை அழுத்தினால் கணினியில் ஸ்வரம் பதிகிறது, ஆகவே கீகளும் சரி. லோக்கலை ஆன் செய்தார், உடனே ஒலித்தது.

லோக்கலை ஆஃப் செய்தால் கீகளுக்கும் உள்ளிருக்கும் ஒலிப்பகுதிக்கும் உள்ள தொடர்பு துண்டிக்கப்படுகிறது. கீயின் செய்தி கணினிக்குப் போய்த் திரும்பி வந்தால்தான் சத்தம். பதிவின்போது ஒரே ஸ்வரம் இரட்டையாக ஒலிக்காமல் இருக்க இது தேவைதான். ஆனால் ஆஃப் செய்யச் சொன்ன இடத்திலேயே, முடிந்ததும் ஆன் செய்யுங்கள் என்று ஒரு வரி போட்டிருக்க வேண்டாமா? மிடியில் 122 என்ற கன்ட்ரோல் எண் கொண்ட சாதாரண வசதி இது. புதிதாக வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்கள் மெக்கானிக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாட்டு வகுப்புக்கு வாங்குபவர் முதலில் தேடுவது சுருதி மாற்றும் இடத்தை. ஐந்து கட்டையில் பாடும் பிள்ளைக்கு, சி-யிலிருந்து டிரான்ஸ்போஸை ஏழு அரைச்சுரம் ஏற்றி ஜி-க்குக் கொண்டுவர வேண்டும். தொடக்கக் கையேட்டில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இணையத்தில் இறக்கும் பெரிய கையேட்டில் இருக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில் மட்டும்.

750 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். போர்டு பழுது என்ற குறிப்பை ரத்து செய்து, வாரண்டி செல்லும் என எழுத்தில் தர வேண்டும். ரசீது, சேவை மையக் குறிப்பு இரண்டின் நகலும் இணைத்துள்ளேன். கையேட்டைத் திருத்தி, தமிழிலும் அச்சிட்டுக் கொடுங்கள். தமிழ்நாட்டில் விற்கும் கருவிக்கு இது பெரிய செலவில்லை. 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்